பத்தாம் வகுப்பு முடியும் நேரம்: எங்கள் கரைப் பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

மண்டபத்துக்கும் தொண்டிக்கும் இடையில், கடலை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறிலிருந்து பத்து வரை. நான் பத்தாம் வகுப்பு ஆசிரியை. பிறந்து வளர்ந்ததும் இதே கரையில்தான். பிப்ரவரி பிறந்துவிட்டால் பஸ் ஸ்டாப்பிலும் மீன் ஏலம் விடும் இடத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் நிறுத்தி வைத்துக் கேட்கிறீர்கள். நின்ற இடத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. அதனால் இந்த வருடம் முழுசாக எழுதிவிட்டேன்.

தேர்வு எப்போது முடியும் டீச்சர்? லீவு எப்போது விடுவீர்கள்?

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மார்ச்சில் தொடங்கும், ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஆறு முதல் ஒன்பது வரை ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. வெயிலைப் பார்த்து அரசு தேதியை முன்னே பின்னே நகர்த்துவது உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் அட்டவணை போன வருடத்தினுடையதாகக்கூட இருக்கும். பள்ளி வாசல் பலகையில் நாங்கள் எழுதிப்போடுவதை மட்டும் பாருங்கள்.

பெற்றோர் கூட்டத்தை ஏன் வெள்ளிக்கிழமைக்கு மாற்றினீர்கள்?

நீங்கள் கேட்டுத்தான். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகின்றன. போன படகு மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். வந்த அன்று மீனை இறக்கி, கணக்குப் பார்த்து, தூங்கி எழுவதற்குள் நாள் போய்விடுகிறது. நிம்மதியாகக் கரையில் இருப்பது வெள்ளிக்கிழமைதான். ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவர்களுக்காகக் காலை 10 மணிக்கே தொடங்கி 11.30-க்கு முடித்துவிடுகிறோம். இதற்கு முன் கூட்டத்துக்கு அம்மாக்கள் மட்டும்தான் வந்தார்கள், "அவுக வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து போனார்கள். இப்போது முடிவெடுக்கும் ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அது பெரிய நிம்மதி.

தேர்வு நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

காலை 10 மணிக்கு வினாத்தாள் கொடுப்பார்கள். முதல் 10 நிமிடம் அதைப் படிக்க, அடுத்த 5 நிமிடம் விடைத்தாளின் முகப்பில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க. 10.15-லிருந்து 1.15 வரை எழுதலாம். அந்தப் பத்து நிமிடத்தை எங்கள் பிள்ளைகள் பேனாவை உருட்டிக்கொண்டு வீணாக்குகிறார்கள். வீட்டில் சொல்லுங்கள்: படி, தெரிந்த கேள்வியை மனசில் குறித்துக்கொள், அதிலிருந்து ஆரம்பி.

தேர்வு மையம் பக்கத்து ஊரில் இருப்பவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று உங்களுக்கே தெரியும். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம், பழைய சோறும் கருவாடும் இருந்தால் போதும். ஹால் டிக்கெட்டை முந்தின இரவே பையில் வைத்துவிடுங்கள்.

அறிவியலுக்கு மட்டும் கணக்கு வேறு மாதிரி இருக்கிறதே?

ஐந்து பாடம், பாடத்துக்கு 100, மொத்தம் 500. ஒவ்வொன்றிலும் 35 எடுத்தால் தேர்ச்சி. அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்துத் தேர்வில் 75-க்குக் குறைந்தது 20, செய்முறையில் 15 வேண்டும். செய்முறைக்கு வராமல் இருந்துவிட்டு எழுத்துத் தேர்வில் அள்ளிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. செய்முறைத் தேர்வு பொதுத் தேர்வுக்கு முன்பே நடந்துவிடும், அன்றைக்கு மட்டும் எந்த வேலைக்கும் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

எங்க பிள்ளைகளிடம் நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அவ்வளவெல்லாம் வருமா?

இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதி எனக்கு வலிக்கிறது. அதனால் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் அதிகாரியை மிரட்ட "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்பார்கள். அந்தக் காடு என்று அவர்கள் மனசில் வைத்திருந்தது நம் ராமநாதபுரத்தைத்தான். வேலைக்கு வருகிறவர் தண்டனை என்று நினைத்து வந்தால், பெட்டியைப் பிரிக்காமலே அடுத்த மாறுதலுக்கு எழுதிப் போடுவார். அப்படி ஆசிரியர்கள் வந்து வந்து போன பள்ளிகளில்தான் உங்கள் தலைமுறை படித்தது. உங்களுக்குப் படிப்பு வரவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய். சொல்லிக்கொடுக்க ஆள் நிலைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பாருங்கள். 2024-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் அரியலூர் 97.31 சதவீதத்தோடு முதலிடம், சிவகங்கை 97.02-உடன் இரண்டாமிடம். மூன்றாவது ராமநாதபுரம், 96.36 சதவீதம். மாநிலம் முழுவதுக்குமான தேர்ச்சி அந்த ஆண்டு 91.55-தான். சென்னை, கோவை என்று நாம் அண்ணாந்து பார்க்கிற ஊர்களையெல்லாம் தாண்டித்தான் இந்த வறண்ட மாவட்டம் நின்றது. 2024-ல் மே 10 காலை அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஆசிரியர் அறையில் நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

எனவே எதிர்பார்ப்பைச் சொல்கிறேன். எல்லோரும் 450 எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் போட்டு அறிவிப்பதை 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது, அது நல்லதற்குத்தான். நான் எதிர்பார்ப்பது இரண்டு. ஹால் டிக்கெட் வாங்கிய ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து தேர்வுக்கும் வந்து உட்கார வேண்டும். தேர்ச்சி பெற்ற ஒவ்வொரு பிள்ளையும் ஜூனில் எங்காவது ஒரு வகுப்பில் இருக்க வேண்டும். முதலாவது நம் பள்ளியில் அநேகமாக நடந்துவிடுகிறது. இரண்டாவதில்தான் பிள்ளைகளைத் தவறவிடுகிறோம்.

பரீட்சை முடிந்தபின் பையன் சும்மா இருக்கிறான். படகில் கூட்டிப்போனால் என்ன தப்பு?

அப்பாவோடு கரைவலை இழுப்பதும், வலை பொத்துவதும், படகுக்குப் பெயிண்ட் அடிக்கக் கூட நிற்பதும் தப்பில்லை. தொழில் தெரிந்த பிள்ளைக்குக் கை தைரியம் இருக்கும். கடல் தொழில் தாழ்ந்தது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, என்னை வளர்த்ததே அந்தச் சோறுதான். நான் பயப்படுவது தேதியைப் பார்த்து.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், நாட்டுப்படகுகள் மட்டும் போகும். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட அதே நாட்களில்தான் விடுமுறை. அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு ரூ.8,000. இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? ஜூன் வரும்போது வீட்டில் கடன் ஏறியிருக்கும், வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பீர்கள். தடை முடிந்து முதல் தங்கலுக்கு, அதாவது கடலில் தங்கி மீன் பிடிக்க, போகும்போது மீன் நிறையப் படும், ஆள் தேவைப்படும். "ரெண்டு வாரம் போய்ட்டு வரட்டும், அப்புறம் பள்ளிக்கூடம் போகட்டும்" என்று ஒரு வார்த்தை வரும்.

என் அண்ணன் அப்படித்தான் போனார். அப்போது தடைக்காலம் 45 நாள், மே 29-ஓடு முடிந்துவிடும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். 371 மதிப்பெண். கரைக்கு வந்து கேட்டுச் சிரித்தார், அடுத்த தங்கலுக்கும் போனார். முதல் பங்குப் பணம் கையில் வந்த பிறகு யூனிஃபார்ம் போட்டு பெஞ்சில் உட்கார எந்தப் பையனுக்கும் மனசு வராது. அந்த மதிப்பெண் பட்டியலை எங்கள் அம்மா இன்றும் அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

2017-லிருந்து தடைக்காலம் 61 நாளானது. மீனுக்காக நீட்டினார்கள், ஆனால் எனக்கு அதில் இன்னொரு நன்மை தெரிகிறது. முன்பு பள்ளி திறப்பதற்குள் படகு போய்விடும். இப்போது பெரும்பாலும் பள்ளி ஜூன் தொடக்கத்தில் திறக்கிறது, படகு 15-ம் தேதிதான் இறங்குகிறது. நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் நம் கையில் இருக்கிறது. அந்த நாட்களுக்குள் உங்கள் மகன் பதினொன்றில் சேர்ந்து, புத்தகம் வாங்கி, புது நண்பர்களோடு நாலு நாள் உட்கார்ந்துவிட்டால் படகுக்கு அவ்வளவு சுலபமாகப் போக மாட்டான். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள். 15-ம் தேதிக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கம் பனை சீசனில் குடும்பத்தோடு பதநீர் இறக்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். விடிலியில் (பனங்காட்டுக் குடிசையில்) கருப்பட்டி காய்ச்சும் வேலை ஜூனிலும் நடக்கும்தான். பிள்ளையை மட்டும் பாட்டி வீட்டிலாவது விட்டுப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

ரிசல்ட் எப்படிப் பார்ப்பது?

முடிவு வழக்கமாக மே மாதத்தில் வரும். 2025-ல் மே 16 அன்று வந்தது. பதிவு எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் இணையத்தில் தெரியும். பள்ளியில் கொடுத்த செல்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் வரும். அப்பா எண்ணைக் கொடுத்திருந்தால் அம்மா எண்ணுக்கு மாற்றிவிடுங்கள், நடுக்கடலில் சிக்னல் இருக்காது, சிம்மும் அடிக்கடி மாறுகிறது. மதிப்பெண்ணில் சந்தேகம் என்றால் குறித்த நாட்களுக்குள் பள்ளி வழியாக மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். நாள் குறைவு, உடனே வாருங்கள்.

பெயில் ஆகிவிட்டால் ஒரு வருடம் போய்விடுமே?

போகாது. துணைத் தேர்வு இருக்கிறது. 2025-ல் ஜூலைத் தொடக்கத்திலேயே நடந்தது. போன பாடத்தை மட்டும் எழுதி அதே ஆண்டில் பதினொன்றில் சேரலாம். கணக்கிலும் அறிவியலிலும் போன பிள்ளைகளுக்கு மே கடைசியிலிருந்து நாங்கள் மாலையில் வகுப்பு எடுக்கிறோம், காசு எதுவும் கிடையாது.

ரிசல்ட் அன்று வீட்டில் நடப்பதுதான் எனக்குக் கவலை. அடிக்காதீர்கள். "உனக்காக ராத்திரி பகலா கடல்ல கிடந்து..." என்று தொடங்கும் பேச்சையும் அன்றைக்கு வேண்டாம். அது அவர்களுக்கு ஏற்கனவே தெரியும், நம்மைவிட அதிகமாக அழுகிறவர்கள் அவர்கள்தான். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 104 அல்லது 14416 எண்ணுக்கு அழைக்கலாம், இலவசம். படிப்பு சம்பந்தமான கேள்விக்கு 14417. அதற்கும் முன்னால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

பதினொன்றில் என்ன குரூப் எடுப்பது?

நம் பள்ளி பத்தோடு முடிவதால் இந்தக் கேள்வியோடு "எந்தப் பள்ளி?" என்பதும் ஒட்டிக்கொண்டு வருகிறது. முதலில் பள்ளியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நல்ல மனசோடு பெற்றோர் பெரிய தவறு செய்கிறார்கள்.

மார்க் நன்றாக வந்துவிட்டால் கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்க்க நினைக்கிறீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. 2021-ல் அதைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரித்தார்கள். ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கடைசி இரண்டு வருடத்துக்குத் தனியாருக்கு மாறினால் அந்த வாசல் அடைபட்டுவிடும். கட்டணமும் கட்டி, உரிமையையும் இழக்க வேண்டுமா? நன்றாக யோசியுங்கள்.

இனி குரூப். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்த குரூப் எடுத்தால் பொறியியலும் திறந்திருக்கும், மருத்துவமும் திறந்திருக்கும். பாரம் அதிகம்தான். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மீன்வளப் படிப்புக்கு உயிரியல் வேண்டும். பி.எஃப்.எஸ்சி. நான்கு ஆண்டுப் படிப்பு. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, தூத்துக்குடியில் பழைய கல்லூரி ஒன்று உண்டு. எந்த மாதம் சூடை வரும், எந்தக் காற்றில் நண்டு படும் என்று அப்பா மடியில் இருந்தே கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அந்தப் படிப்பு அந்நியமாக இருக்காது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையிடம் பல ஆண்டுகள் நம் மண்டபம் முகாமில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. இன்றும் அதன் மையம் அங்கே இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறார்கள்?

பையன்கள் நிறையப் பேர் கடலோரக் காவல்படை, கடற்படை என்று ஆசைப்படுகிறார்கள். மண்டபத்தில் காவல்படைக் கப்பலையும், உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளத்துக்கு மேலே பறக்கும் விமானத்தையும் தினம் பார்த்து வளர்கிறவர்கள் அல்லவா! அந்த ஆசை உள்ள பிள்ளை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: காவல்படையில் நாவிக் (மாலுமி) பொதுப் பணிக்குப் பன்னிரண்டில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். "கணக்கு கஷ்டம் டீச்சர்" என்று வேறு குரூப்பில் ஒளிந்துகொண்டு, மூன்று வருடம் கழித்து அறிவிப்பைப் பார்த்துவிட்டு அழுத பையன்களை எனக்குத் தெரியும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள், அலைக்குப் பயப்படாதவர்கள். ஒரு பாடத்தால் வெளியே நின்றார்கள்.

வணிகவியல் குரூப் மட்டம் இல்லை. கீழக்கரைப் பக்கம் வியாபாரக் குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும். கணக்கு எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் ஏலத்தில் நம்மை ஏமாற்றுவதும் குறையும்.

பன்னிரண்டு வேண்டாம், சீக்கிரம் வேலை வேண்டும் என்றால் ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக். பரமக்குடியில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. டீசல் மெக்கானிக் முடித்த ஒருவருக்கு இந்தக் கரையில் வேலைக்குப் பஞ்சம் வராது, படகு எஞ்சின் பழுதானால் எங்கெங்கோ அலைகிறீர்களே! பாலிடெக்னிக் முடித்தால் பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம்.

இன்னொரு செய்தி. 2025-26-லிருந்து பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு இல்லை. 2017-18-ல் கொண்டுவந்தது, இப்போது எடுத்துவிட்டார்கள். மூன்று வருடம் தொடர்ந்து பொதுத் தேர்வு என்ற பயத்தில் ஒதுங்கிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அதற்காகப் பதினொன்றில் படிக்காமல் இருந்தால் பன்னிரண்டில் தடுமாறுவார்கள், அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பொம்பளைப் பிள்ளையை வேற ஊருக்கு எப்படி அனுப்புவது? பத்து போதாதா?

போதாது.

பயம் எனக்குப் புரிகிறது. மேல்நிலைப் பள்ளி எட்டு, பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மாலையில் பஸ் தாமதமாகும். வீட்டில் பாசி எடுக்கப் போகும் அம்மாவுக்கு உதவியும் வேண்டும். ஆனால் பெண்ணை வீட்டில் நிறுத்திய மறுமாதமே யாராவது ஜாதகத்தோடு வாசலில் வந்து நிற்கிறார்கள், நாம் வேண்டாம் என்று சொல்லப் பழகவில்லை. 18 வயது முடியாமல் திருமணம் செய்வது குற்றம். அப்படி ஒன்று நடக்கப்போவது தெரிந்தால் 1098-க்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பெண்ணேகூடச் சொல்லலாம். எங்கள் வகுப்புச் சுவரில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

"பத்து படிச்சா தாலிக்குத் தங்கம் கொடுப்பாங்களே" என்று இன்றும் சில பாட்டிமார் கேட்கிறார்கள். அந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தை 2022-ல் உயர்கல்வித் திட்டமாக மாற்றிவிட்டார்கள். அதுதான் புதுமைப்பெண். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் படிக்கும்போது மாதம் ரூ.1,000 அவள் கணக்கிலேயே வரும். மூன்று வருடப் பட்டப் படிப்பென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ரூ.36,000. அப்பாவிடம் பஸ் காசு கேட்டுக் கையேந்தி நிற்க வேண்டாம். பையன்களுக்கும் 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை.

பஸ்ஸுக்கு இலவசப் பாஸ் உண்டு. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு எப்படியும் கட்டணம் இல்லை. பதினொன்றில் சைக்கிள் கிடைக்கும். தூரம் அதிகம் என்றால் அரசு விடுதி இருக்கிறது, இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர். வீட்டுக்கும் பள்ளிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி பையன்களுக்குத்தான், பெண்களுக்கு அந்த விதி கிடையாது.

ஒரே தெருவிலிருந்து மூன்று நான்கு பெண்கள் சேர்ந்து ஒரே பள்ளியில் சேர்ந்தால் பாதி பயம் போய்விடும். போன வருடம் அம்மாக்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு நானே அந்தப் பள்ளிக்குப் போய்க் காட்டினேன். கழிப்பறை எப்படி இருக்கிறது, பஸ் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம், டீச்சர்கள் யார் என்று அவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். பார்த்தபின் பேச்சு மாறிவிட்டது. இந்த மே மாதமும் போவோம், வருகிறவர்கள் சொல்லுங்கள்.

அவுக அப்பா இலங்கைச் சிறையில் இருக்கிறார். கையெழுத்துக்கு என்ன செய்வது?

அம்மா, உங்கள் கையெழுத்தே போதும். மாற்றுச் சான்றிதழுக்கும் சரி, பதினொன்றில் சேர்ப்பதற்கும் சரி. அவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளிடம் இதைப் பற்றி வகுப்பில் யாரும் கேள்வி கேட்காதபடி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தேர்வுக்கு முந்தின இரவு தூங்காமல் வந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். காலையில் கொஞ்சம் முன்னதாக அனுப்புங்கள், என்னோடு டீ குடித்துவிட்டு மையத்துக்குப் போகட்டும்.

டி.சி. வாங்க என்னென்ன வேண்டும்? பணம் கட்ட வேண்டுமா?

பணம் கிடையாது. யார் கேட்டாலும் என்னிடமோ எச்.எம். சாரிடமோ சொல்லுங்கள்.

டி.சி.யில் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, அப்பா பெயர் நான்கையும் வாங்கும் இடத்திலேயே நின்று படியுங்கள். படிக்கத் தெரியாதென்றால் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அவதிப்படுவது நீங்கள்தான். வெளிநாடு போகிற குடும்பங்கள் இதில் பட்ட பாடு ஊருக்கே தெரியும்.

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். எல்லோரும் ஜூனில் போய் நிற்கும்போது சர்வர் வேலை செய்யாது, நாள் ஓடும். அசலைக் கொடுப்பதற்கு முன் ஐந்து நகல் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். உப்புக் காற்றில் காகிதம் எப்படி நமுத்துப்போகும் என்று உங்களுக்குத் தெரியாததா?

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன செய்தி?

எட்டில் படிக்கிறவர்கள் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எழுதலாம். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் ரூ.1,000. ஒன்பதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. நம் பிள்ளைகள் இதற்கெல்லாம் பயப்படுகிறார்கள், பழைய வினாத்தாள்கள் நூலகத்தில் இருக்கின்றன, விடுமுறையில் எடுத்துப்போகலாம்.

லீவில் டியூஷன் வேண்டாம். நாளுக்கு ஒரு பக்கம் தமிழ், அரைப் பக்கம் ஆங்கிலம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், போதும். மே மாதத்தில் கச்சான் காற்று எழும்பும்போது சிறுசுகளைத் தனியாகக் கடலுக்குள் இறங்க விடாதீர்கள்.

ஆண்டு விழா எப்போது?

தேர்வுக்கு முன்பே நடத்திவிடுகிறோம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடைசி மாதத்தில் ஆட்டம் பாட்டம் என்று சிதறக் கூடாது. இந்த முறை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தனுஷ்கோடி நாடகம் போடுகிறார்கள். 1964 டிசம்பர் புயலில் அந்த ஊரோடு பள்ளிக்கூடமும் போன கதை. வசனம் அவர்கள் வீட்டுத் தாத்தா பாட்டிகள் சொன்னது. சாயந்தரம் 5 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடிந்துவிடும்.

மே மாதம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்குமே, யாரைப் பார்ப்பது?

ரிசல்ட் வந்த நாளிலிருந்து அலுவலக அறை காலை 10 முதல் 1 வரை திறந்திருக்கும். மதியத்துக்கு மேல் வந்தால் சத்துணவுக்கூட அக்காவிடம் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், அன்று மாலையே நான் கூப்பிடுகிறேன். டி.சி. வாங்காத பிள்ளைகளின் பட்டியல் என் கைப்பையில் இருக்கும். ஜூன் 5-க்குப் பிறகும் அதில் உங்கள் பிள்ளை பெயர் இருந்தால் நான் வீட்டுக்கு வருவேன். நாய் இருந்தால் கட்டிப்போட்டு வையுங்கள்.